எச்சத்தில் தொடங்கும் பிழைகள்: காட்டுயிர் மரபியலுக்கு வரும் விலங்கியல் மாணவர்கள் தவிர்க்க வேண்டியவை

காட்டுயிர்ப் பாதுகாப்பு மரபியலுக்கு, அதாவது காட்டு விலங்குகளை டிஎன்ஏ வழியே ஆராயும் துறைக்கு, வரும் விலங்கியல் மாணவர்கள் பெரும்பாலும் இரண்டு நினைப்புகளோடு வருகிறார்கள். வேலை முழுக்கக் காட்டில்தான் இருக்கும் என்பது ஒன்று. சாம்பிளை மெஷினில் ஏற்றினால் பதில் வந்துவிடும் என்பது இன்னொன்று. உண்மையில் காட்டில் இருப்பது சில வாரங்கள்தான், மற்ற நாளெல்லாம் ஆய்வகமும் கணினியும்தான். ஆனால் ஆய்வைக் கெடுக்கும் பிழைகளில் பல அந்தச் சில வாரங்களிலேயே நடந்துவிடுகின்றன.

எச்சத்தின் எந்தப் பகுதி?

புலியையோ சிறுத்தையையோ பிடித்து ரத்தம் எடுப்பது அபூர்வம். அதனால் நம் நாட்டில் பெரும்பகுதி வேலை எச்சத்தை, அதாவது விலங்கின் மலத்தை, வைத்துத்தான் நடக்கிறது. புதிதாக வருபவர் எச்சத்தை உடைத்து நடுவிலிருந்து ஒரு பெரிய துண்டை எடுத்து டப்பாவில் போடுவார். உள்ளே இருப்பது பெரும்பாலும் இரையின் முடியும் எலும்பும்தான். எச்சம் போட்ட விலங்கின் செல்கள் குடல் சுவரிலிருந்து உதிர்ந்து மேற்பரப்பில்தான் ஒட்டியிருக்கும். பஃபரில் (டிஎன்ஏவைக் காக்கும் கரைசலில்) நனைத்த பஞ்சுக்குச்சியால் மேல்பக்கத்தைப் பல இடங்களில் துடைத்து எடுத்தாலே போதும். யானை லத்தியிலும் அப்படித்தான். வெளிப்பக்கத்தில் பளபளவென்று தெரியும் சளிப்படலத்தைச் சுரண்டி எடுக்க வேண்டும், தோண்டக் கூடாது. வெயிலில் வெளுத்ததையும் மழையில் ஊறியதையும் விட்டுவிடலாம். எண்ணிக்கை காட்டுவதற்காக அவற்றையும் அள்ளி வந்தால் வேதிப்பொருள் செலவுதான் மிச்சம்.

துண்டாக எடுத்தால் எச்சம் ஒரு பங்குக்கு 95 சதவீதத்துக்குக் குறையாத எத்தனால் நான்கு பங்கு வேண்டும். டப்பா நிறைய எச்சத்தைத் திணித்து மேலே கொஞ்சம் ஊற்றினால், எச்சத்தில் உள்ள நீரே எத்தனாலை நீர்க்கச் செய்து, உள்ளே டிஎன்ஏ சிதையத் தொடங்கிவிடும். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் வேறு பொருட்கள் கலந்திருக்கும், அது வேண்டாம். ஃபார்மலின் கூடவே கூடாது, அது டிஎன்ஏவைக் கெடுத்துவிடும். ஒரு நாள் எத்தனாலில் ஊறவைத்து, பிறகு சிலிக்கா ஜெல்லுக்கு மாற்றுவது நன்றாக வேலை செய்யும் முறை. நீல ஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் ஏறிவிட்டது, உடனே மாற்றுங்கள். செறிவான எத்தனாலை விமானத்தில் கொண்டுபோக முடியாது என்பதைப் பயணத் திட்டம் போடும்போதே கணக்கில் வையுங்கள்.

சின்ன விஷயம்போல் தெரியும் ஒன்று: லேபிள். மார்க்கர் மை எத்தனால் பட்டால் கரைந்தோடிவிடும். எண், தேதி, இடத்தைப் பென்சிலால் எழுதிய சீட்டு ஒன்றை டப்பாவுக்குள்ளேயே போடுங்கள், வெளியேயும் ஒட்டுங்கள். பெயரில்லாத சாம்பிள் எவ்வளவு புதியதாக இருந்தாலும் குப்பைதான்.

"கீழே கிடக்கும் எச்சம்தானே, யார் கேட்கப்போகிறார்கள்?" என்ற எண்ணமும் வேண்டாம். சரணாலயத்துக்குள் ஆய்வுக்காக நுழையவே 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். தலைமை வனஉயிரினக் காப்பாளர் அலுவலகத்துக்கு மாதக்கணக்கில் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். சாம்பிளை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவதாக இருந்தால் 2002 பல்லுயிர்ச் சட்டமும் குறுக்கே வரும்.

இல்லாத புலிகள்

செந்நாய் எச்சத்தையும் சிறுத்தை எச்சத்தையும் அளவையும் வடிவத்தையும் பார்த்தே சொல்லிவிடலாம் என்பவர்கள் உண்டு. அனுபவசாலிகளும் இதில் தவறுகிறார்கள். இனத்தை உறுதிசெய்யும் பிசிஆர், அதாவது டிஎன்ஏவின் ஒரு பகுதியைப் பல மடங்கு பெருக்கும் வினைதான் முதல் வேலை.

பிசிஆர் வேலை செய்யவில்லை என்றால் கை தானாகவே இன்னும் கொஞ்சம் டிஎன்ஏ சேர்க்கப் போகும். எச்சத்தில் இது பெரும்பாலும் தலைகீழான வைத்தியம். பித்த உப்புகளும் தாவரப் பொருட்களும் வினையைத் தடுக்கின்றன. டிஎன்ஏ கூடினால் அவையும் கூடும். 1:5 அல்லது 1:10 என்று நீர்த்துப் பாருங்கள், கூடவே பிஎஸ்ஏ புரதம் சேருங்கள்.

அதைவிடப் பெரிய ஆபத்து, வேலை செய்ததுபோல் தெரியும் பிசிஆர். ஒரு விலங்குக்கு டிஎன்ஏவின் ஓர் இடத்தில் இரண்டு அல்லீல்கள் (தாய்வழியும் தந்தைவழியும் வந்த இரு வடிவங்கள்) இருக்கும். எச்சத்தில் டிஎன்ஏ குறைவு என்பதால் சில சமயம் ஒன்று மட்டுமே பெருகும். வேறுபட்ட இரண்டு அல்லீல்கள் உள்ள புலி, ஒரே அல்லீல் உள்ள புலியாகப் பதிவாகும். அதே புலியின் இன்னொரு எச்சம் சரியாகப் படித்திருந்தால், ஏட்டில் இரண்டு புலிகள்! நூறு எச்சங்களில் இப்படிச் சில நேர்ந்தாலே எண்ணிக்கை வீங்கிவிடும். தப்பிக்க ஒரே வழி, ஒவ்வொரு சாம்பிளையும் பலமுறை ஓட்டுவது. இரண்டு அல்லீல் என்றால் ஒவ்வொன்றும் இரண்டு முறையாவது தெரிய வேண்டும். ஒன்றுதான் என்று முடிவுகட்டக் குறைந்தது மூன்று முறை, தரம் குறைந்த சாம்பிளில் அதற்கும் மேல். பட்ஜெட் போடும்போதே இதைச் சேர்க்காதவர்கள்தான் கடைசியில் ஒரே ஓட்டத்தை நம்பும் நிலைக்கு வருகிறார்கள்.

டிஎன்ஏ பிரிக்கும் அறையும் பிசிஆருக்குப் பிந்தைய அறையும் வேறு வேறாக இருக்கட்டும். ஒவ்வொரு தொகுதியிலும் சாம்பிளே இல்லாத வெற்றுக்குழாய் ஒன்றையும் கூடவே ஓட்டுங்கள். அதில் பட்டை (டிஎன்ஏ பெருகியதன் அடையாளம்) தெரிந்தால் அந்தத் தொகுதி முழுவதையும் தூக்கிப்போட மனம் வர வேண்டும். பூனைக் குடும்பத்தில் இன்னொரு பொறியும் உண்டு. மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவின் பழைய பிரதிகள் உட்கருவிலும் ஒட்டிக்கிடக்கின்றன. பொதுவான பிரைமர் (பெருக்க வேண்டிய பகுதியைக் குறிக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) அதைப் பிடித்துவிட்டால் நீங்கள் ஒப்பிடுவது வேறொன்றை.

வரைபடத்தில் வண்ணம் பிரிந்தால்

ஒரே யானைக் கூட்டத்திலிருந்து பல சாம்பிள்கள், ஒரே குட்டையிலிருந்து ஐம்பது தலைப்பிரட்டைகள் என்று எடுத்தால், மரபணு ஒற்றுமையை வைத்து விலங்குகளைக் குழுக்களாகப் பிரித்து வேறு வேறு வண்ணத்தில் காட்டும் மென்பொருள், நெருங்கிய உறவினர் கூட்டத்தையே தனித்த இனத்தொகையாகக் காட்டும். ஒரு பெரிய காட்டின் இரு முனைகளில் மட்டும் எடுத்து நடுப்பகுதியை விட்டாலும் இதே கோளாறுதான்: தூரம் கூடக்கூட மெல்ல வரும் வேறுபாடு, நடுவில் சுவர் இருப்பதுபோல் தெரியும். தென்னிந்திய யானைகளில் பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரிப் பக்கமும், தெற்கே ஆனைமலைப் பக்கமும் மரபணுவில் வேறுபடுவது உண்மை. ஆனால் அதைப் பார்த்துவிட்டு எல்லா உயிருக்கும் கணவாயே எல்லை என்று முன்முடிவோடு சாம்பிள் எடுப்பது அதே தவறின் இன்னொரு வடிவம். இப்படிப் பிரிக்கும் ஸ்ட்ரக்சர் மென்பொருளோடு, குழுக்களின் எண்ணிக்கையை (கே) முடிவுசெய்யப் பலரும் பயன்படுத்தும் டெல்டா-கே அளவு, பிரிவே இல்லை என்ற பதிலைச் சொல்லவே முடியாதது. கே இரண்டு என்று வந்தால் சந்தேகத்தோடு பாருங்கள்.

மரபணு வேறுபாடு குறைவு என்று தெரிந்ததும் "வெளியிலிருந்து விலங்கைக் கொண்டுவாருங்கள்" என்று எழுதிவிடுவதும் அவசரம்தான். ஃபுளோரிடாவில் 1995இல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்தார்கள், பலன் கிடைத்தது. ஒடிசாவின் சிம்லிபாலில், ஒற்றை மரபணு மாற்றத்தால் கருத்த புலிகள் பெருகிய தனித்த காட்டுக்கு, 2024இல் மகாராஷ்டிரத்தின் தாடோபாவிலிருந்து இரண்டு பெண்புலிகள் வந்தன. அவற்றில் ஜீனத் என்ற புலி ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் என்று நடந்தே போய்விட்டது. மயக்க ஊசி போட்டுத்தான் திரும்பக் கொண்டுவர முடிந்தது. விடுவிக்கும் இடம், இரை, ரேடியோ காலர், பக்கத்து ஊர்கள் பற்றி ஒரு வரியும் இல்லாத பரிந்துரை அரைகுறைதான்.

படிப்பும் வேலையும்

மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் உதகை அரசு கலைக் கல்லூரியிலும் காட்டுயிரியல் முதுகலை உண்டு. டேராடூன் இந்திய வனஉயிரின நிறுவனம், பெங்களூரு என்.சி.பி.எஸ். (தேசிய உயிரியல் அறிவியல் மையம்) இவற்றின் படிப்புகளுக்கு ஒவ்வோர் ஆண்டும் சேர்க்கை நடக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள், அறிவிப்பைப் பாருங்கள். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரமும் கூடும். புள்ளியியலைத் தள்ளிப்போடாதீர்கள். ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழி, லினக்ஸ் கட்டளைகள் இரண்டையும் முதுகலையிலேயே பழகாதவர், பிஎச்டியின் இரண்டாம் ஆண்டில் தன் தரவையே இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருக்க நேரும்.

வேட்டைத்தடுப்புக் காவலர்களை வழிகாட்டிக் கூலியாளாக மட்டும் பார்ப்பதும் நடக்கிறது. எந்தப் பாதையில் நேற்று எச்சம் இல்லை, இன்று இருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அறிக்கையைக் கடைசியில் மாவட்ட வன அலுவலரிடம் கொடுக்கும்போது எஃப்எஸ்டி (இரு இனத்தொகைகளுக்கு இடையிலான மரபணு வேறுபாட்டின் அளவு) மதிப்பு 0.12 என்று மட்டும் எழுதினால் அவர் கோப்பில் வைத்து மூடிவிடுவார். எந்த இரண்டு காடுகளுக்கு நடுவே விலங்கு போய்வருவது நின்றிருக்கிறது, எந்தச் சாலைப்பகுதியில் இரவுப் போக்குவரத்தை நிறுத்தலாம், முடிவில் எவ்வளவு நிச்சயம் என்று தமிழிலேயே ஒரு பக்கம் எழுதி முதலில் வையுங்கள். அட்டவணைகள் பின்னிணைப்பில் இருக்கட்டும்.