சுகர் வந்த வீட்டில் தட்டு போடுவது எப்படி

சுகர் என்று தெரிந்ததும் பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒன்றுதான். காபியில் சர்க்கரை நிற்கும், ராத்திரிச் சோறு போய் சப்பாத்தி வரும், காலையில் கேழ்வரகுக் கஞ்சி வரும், அத்தோடு பத்தியம் முடிந்தது. எட்டு வருடத்துக்கு முன்பு நானும் அதைத்தான் செய்தேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் எச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சுகரின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை எண், அசையவே இல்லை. எப்படி அசையும்? தினமும் ராத்திரி நாலு சப்பாத்தியும் உருளைக்கிழங்குக் குருமாவும் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

கோதுமைக்கும் கேழ்வரகுக்கும் நாம் கொடுக்கும் மரியாதை கொஞ்சம் அதிகம். 100 கிராம் வெள்ளை அரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து என்றால், கேழ்வரகில் சுமார் 67 கிராம் இருக்கிறது. கேழ்வரகில் நார்ச்சத்து கூடுதல்தான், மறுக்கவில்லை, ஆனால் அதை நைசாக அரைத்துக் குழையக் காய்ச்சிக் கஞ்சியாகக் குடித்தால் சுகர் விறுவிறுவென்று ஏறும். சாமை, வரகு, தினைக்கும் இதே கதை. எந்தத் தானியம் என்பதைவிட எத்தனை கரண்டி என்பதுதான் முதல் கேள்வி.

தட்டில் பாதி காய்கறியும் கீரையும். கால் பங்கு பருப்பு, பயறு, முட்டை, மீன், கோழி என்று ஏதாவது ஒன்று. மீதிக் கால் பங்குதான் சோறோ சப்பாத்தியோ. சொல்வது சுலபம், நம் ஊரில் சோறுதான் சாப்பாடு, பொரியல் தொட்டுக்கொள்ள ஒரு கரண்டி வைப்பார்கள். இதைத் தலைகீழாக்கிப் பொரியலைச் சாப்பிட்டுச் சோற்றைத் தொட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். முதலில் ஒரு கிண்ணம் நிறையப் பொரியலோ கூட்டோ சாப்பிடுங்கள், அப்புறம் முட்டையோ மீனோ, கடைசியில் சோறு. அதே சாப்பாடுதான், ஆனால் இந்த வரிசையில் சாப்பிட்டால் சுகர் அவ்வளவு வேகமாக ஏறாது. உருளை, சேனை, மரவள்ளி, வாழைக்காய் எல்லாம் சோற்றுக் கணக்கில் சேரும், காய்கறிக் கணக்கில் அல்ல.

இன்னொரு இடத்திலும் கோட்டை விடுகிறோம். சாம்பாருக்கு ஒரு தடவை சோறு, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை. சோற்றை ஒரே தடவையாகத் தட்டில் போட்டுவிட்டு, ரசத்தையும் மோரையும் டம்ளரில் ஊற்றிக் குடித்துவிடுங்கள். என் தட்டில் பாதிச் சோறு குறைந்தது இந்த ஒரு மாற்றத்தால்தான்.

டிபனுக்கு இட்லி சாப்பிடலாம், ஆறு இல்லை, இரண்டோ மூன்றோ, கூடவே காய் நிறையப் போட்ட சாம்பார். வெறும் தோசையைவிட அடையோ பாசிப்பயறு தோசையோ பசி தாங்கும். சாயங்காலப் பசிக்குச் சுண்டல். இனிப்பே இல்லாத பிஸ்கட் என்று வாங்குவதும் பெரும்பாலும் மைதாதான். கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் மூன்றும் ரத்தத்துக்குள் போனால் சர்க்கரைதான், பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். பழத்தை ஜூஸ் போடாமல் கடித்துச் சாப்பிடுங்கள், கொய்யா, பப்பாளி என்றால் நல்லது.

நான் சொல்வதை அப்படியே நம்பவும் வேண்டாம். ஒரு குளுக்கோமீட்டர் வாங்குங்கள். சாப்பிடுவதற்கு முன் ஒரு தடவை, சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை குத்திப் பார்த்து, என்ன சாப்பிட்டீர்கள் என்பதோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். பொதுவாகச் சொல்லும் இலக்கு, முன்னால் 80 முதல் 130, பின்னால் 180க்குள். வயதையும் மற்ற நோய்களையும் பொறுத்து உங்கள் மருத்துவர் வேறு எண் சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. பொங்கலைவிடப் பூரி பரவாயில்லையா என்று ஊரெல்லாம் கேட்டுத் திரிவதைவிட இரண்டு ஸ்ட்ரிப் செலவழித்தால் பதில் தெரிந்துவிடும்.

அடுத்து நடை. வேலை செய்யும் தசை, இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் சாப்பிட்டதும் மொட்டை மாடியில் 10, 15 நிமிடம் நடந்தால் மீட்டரில் வித்தியாசம் தெரிகிறது. வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை, தொடர்ந்து இரண்டு நாள் விடுபடக் கூடாது. மழை பெய்தால் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுங்கள், பத்துப் பத்தாக மூன்று தடவை. செருப்போ ஷூவோ இல்லாமல் நடக்காதீர்கள். திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலத்தை வெறுங்காலோடு சுற்றும் ஆசை பலருக்கு உண்டு, ஆனால் சுகரால் கால் மரத்துப்போனவருக்குக் கல் குத்தியதும் தெரியாது, கொப்புளம் வந்ததும் தெரியாது. சாமி கோபித்துக்கொள்ளாது.

உங்களுக்கு இன்னும் ‘பார்டர்’தான், அதாவது சுகர் கூடியிருக்கிறது ஆனால் நோய் என்று சொல்லும் அளவுக்கு வரவில்லை என்றால் இதெல்லாம் இன்னும் பலன் தரும். 2006ல் வெளியான ஓர் ஆய்வில், சென்னை மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழு அந்த நிலையில் இருந்த 531 பேரைத் தொடர்ந்து பார்த்தது. சாப்பாட்டையும் உடற்பயிற்சியையும் மாற்றியவர்களுக்குச் சர்க்கரை நோயாக மாறும் ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. கூடவே சுகரைக் குறைக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்தும் அதற்குமேல் பலன் கூடவில்லை.

ஒரு எச்சரிக்கை. இன்சுலினோ, உடம்பை அதிக இன்சுலின் சுரக்க வைக்கும் கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் சோற்றைத் திடீரென்று குறைக்காதீர்கள், மருந்தின் அளவையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும். நடக்கும்போது கை நடுங்கி, வியர்த்து, படபடவென்று வந்தால் உடனே உட்காருங்கள். மீட்டரில் சுகர் 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. நெய் வழியும் மைசூர்பாகு இதற்கு உதவாது, கொழுப்பு சர்க்கரையை மெதுவாகத்தான் உள்ளே விடும். நான் சட்டைப்பையில் எப்போதும் குளுக்கோஸ் பொட்டலம் வைத்திருக்கிறேன்.

அப்புறம் கல்யாணப் பந்தி. போகாமல் இருக்க முடியாது. கூட்டையும் பொரியலையும் முதலில் முடியுங்கள், பாயசமா ஜாங்கிரியா, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சோற்று வாளியோடு ஆள் வருவது தெரிந்ததுமே இலைக்கு மேலே கையை நீட்டிவிடுங்கள், “பாதி போதும்ணே” என்று வாயைத் திறப்பதற்குள் கரண்டி கவிழ்ந்திருக்கும்.