ரிசப்ஷன் வகுப்பு மதிப்பீடு: இங்கிலாந்தில் நம் பெற்றோர் எங்கே சறுக்குகிறார்கள்?

இங்கிலாந்தில் நான்கு வயது முடிந்த பிள்ளை அடுத்து வரும் செப்டம்பரில் தொடக்கப் பள்ளியின் முதல் வகுப்பான ரிசப்ஷனுக்குப் போகிறது. ஆகஸ்ட் பிறந்ததுமே நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஆரம்பித்துவிடுவார்கள்: "பேஸ்லைன் டெஸ்ட் வைப்பாங்களாமே, என்ன சொல்லிக் கொடுக்கணும்?" ஒன்றும் வேண்டாம். 2021 முதல் கட்டாயமாக நடக்கும் இந்த மதிப்பீடு, பிள்ளை சேர்ந்த முதல் 6 வாரங்களுக்குள், டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து சுமார் 20 நிமிடத்தில் முடிந்துவிடும். டெஸ்ட் நடந்தது என்றே பிள்ளைக்குத் தெரியாது. மதிப்பெண் உங்கள் கைக்கும் வராது, டீச்சர் கைக்கும் வராது. பிள்ளை தொடக்கப் பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் ஆண்டை முடிக்கும்போது, பள்ளி அந்த வகுப்பை எவ்வளவு தூரம் முன்னேற்றியிருக்கிறது என்று கணக்குப் பார்க்க அரசு அதை எடுத்து வைக்கிறது. சோதனை பள்ளிக்குத்தான். இதற்கென்று வொர்க்புக் வாங்குவது தண்டச் செலவு.

உங்கள் பிள்ளையைப் பற்றி உருப்படியாக எதையாவது சொல்வது ஆண்டுக் கடைசியில் வரும் மதிப்பீடு. 7 துறைகள், 17 இலக்குகள். ஒவ்வொன்றுக்கும் 'எக்ஸ்பெக்டட்' (எதிர்பார்த்த நிலையை எட்டிவிட்டது) அல்லது 'எமர்ஜிங்' (இன்னும் எட்டவில்லை), இரண்டில் ஒன்றைப் போடுவார்கள். முன்பு இருந்த 'எக்ஸீடிங்' (எதிர்பார்த்ததைவிட மேலே) இப்போது கிடையாது. அதனால் "இவ்வளவு படிக்கிறாளே, ஏன் மேலே போடவில்லை?" என்று டீச்சரிடம் மல்லுக்கு நிற்பதில் அர்த்தமில்லை. வினாத்தாளும் கிடையாது, ஆண்டு முழுக்க வகுப்பில் கண்டதை வைத்து டீச்சரே முடிவு செய்கிறார்.

'எமர்ஜிங்' என்ற சொல்லைக் கண்டதும் வீட்டில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிடுபவர்கள் உண்டு. பேச்சு, உடல் திறன், சமூகப் பழக்கம், எழுத்து, கணக்கு ஆகியவற்றில் எல்லா இலக்குகளையும் தொட்டால் 'நல்ல வளர்ச்சி நிலை' என்கிறார்கள். 2023-24இல் அதை எட்டியவர்கள் 67.7 சதவீதம். அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பிள்ளை எட்டவில்லை. ஆகஸ்டில் பிறந்த பிள்ளைக்கும் அதற்கு முந்தைய செப்டம்பரில் பிறந்த பிள்ளைக்கும் ஒரே வகுப்பில் கிட்டத்தட்ட ஒரு வயது வித்தியாசம் இருக்கும். அந்த வயதில் ஒரு வருடம் என்பது வாழ்நாளில் ஐந்தில் ஒரு பங்கு. எதிர்வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுமுன் பிறந்த தேதியைக் கேளுங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, பள்ளியில் சேர்த்த கையோடு வீட்டில் தமிழை நிறுத்துவது. விதிமுறை என்ன சொல்கிறது தெரியுமா? பேச்சு-கேட்டல், எழுத்து-வாசிப்பு ஆகிய இரண்டு துறைகளை மட்டுமே ஆங்கிலத்தில் பார்க்க வேண்டும். கணக்கு உட்பட மற்றவற்றில் பிள்ளை தன் வீட்டுமொழியில் காட்டும் திறனையும் எடுத்துக்கொள்ளலாம். எட்டு முறுக்கைத் தம்பிக்கும் தனக்கும் பங்கு வைத்து "ஆளுக்கு நாலு" என்று ஒரு பிள்ளை சொன்னால், சமமாகப் பிரிக்கத் தெரிகிறதா என்ற இலக்குக்கு அது நேரடியான சான்று. பகடையை உருட்டி, புள்ளிகளை எண்ணாமலே "அஞ்சு!" என்று கத்துவதும் அப்படியே, ஐந்து வரை பார்த்த மாத்திரத்தில் சொல்வது இலக்குகளில் ஒன்று. ஆனால் இதெல்லாம் உங்கள் வரவேற்பறையில் நடக்கிறது, டீச்சருக்கு எப்படித் தெரியும்? பள்ளியின் ஆப் இருந்தால் அரை நிமிட வீடியோ ஒன்றை ஏற்றுங்கள், என்ன பேசுகிறாள் என்று இரண்டு வரி ஆங்கிலத்தில் எழுதுங்கள். பேரன்ட்ஸ் ஈவினிங்கில் "நல்லா படிக்கிறாளா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தலையாட்டி வராமல் இதையும் சொல்லுங்கள். நமக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தைவிட நாம் சரளமாகப் பேசும் தமிழில்தான் பிள்ளைக்கு நீளமான வாக்கியமும் காரணம் சொல்லும் பழக்கமும் வரும்.

அடுத்தது, பலர் சிரிக்கும் விஷயம்: ஊட்டிவிடுவது. கைத்திறன் இலக்கில் கத்தரிக்கோல், தூரிகை ஆகியவற்றோடு கத்தி, முள்கரண்டியும் வருகின்றன. நாம் கையால் சாப்பிடுபவர்கள், அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் ஐந்து வயது வரை டிவி முன்னால் உட்கார்த்திப் பருப்புச் சோறு ஊட்டினால், மதிய உணவு மேசையில் பிள்ளை தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வாரத்தில் இரண்டு நாள் தோசையை முள்கரண்டியால் பிடித்துக் கத்தியால் வெட்டச் சொல்லுங்கள். குளிர்கோட்டைத் தானே மாட்டிக்கொள்வதும் கழிவறைக்குத் தனியாகப் போய்வருவதும் இலக்கில் இருப்பவைதான். பாட்டி, தாத்தா விசாவில் வந்திருக்கும் மாதங்களில் இதெல்லாம் கொஞ்சம் பின்வாங்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்து விஷயத்தில் நம் ஆர்வமே எதிரி. பெரிய எழுத்தில் (கேபிடல் லெட்டர்) பெயரை எழுதப் பழக்கி, எழுத்தின் பெயர்களை மனப்பாடமாக ஒப்பிக்கவைத்து அனுப்புகிறோம். பள்ளி ஃபோனிக்ஸ் முறையில் ஒலியிலிருந்து தொடங்குகிறது; சிறிய எழுத்துகளே அதிகம் வேண்டும். பிள்ளை காதில் விழுந்தபடி எழுதி, ஸ்பெல்லிங் தப்பாக இருந்தாலும் மற்றவரால் படிக்க முடிந்தால் இந்த வயதுக்கு அது போதும். சிவப்புப் பேனாவை எடுக்காதீர்கள். 40 சொற்களை வாசிக்கவைக்கும் ஃபோனிக்ஸ் சோதனை முதலாம் ஆண்டின் ஜூனில்தான் வருகிறது, ரிசப்ஷனில் இல்லை.

கடைசியாக, பயந்தவர்கள் ஒருபக்கம் இருக்க, கண்டுகொள்ளாமல் விடுபவர்களுக்கு ஒன்று. பேச்சில் 'எமர்ஜிங்' வந்தால் "ரெண்டு மொழி, அதான் குழப்பம்" என்று ஆறுதல் சொல்லிக்கொள்கிறோம். இரண்டு மொழி பேசுவது பேச்சுக் குறைபாட்டை உண்டாக்காது. தமிழில் சரளமாகப் பேசி ஆங்கிலத்தில் மட்டும் தயங்கினால் காலம் கொடுங்கள். தமிழிலும் வாக்கியம் வரவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். நடுக்காதில் நீர் கோத்துக் காது மந்தமாவது இந்த வயதில் சாதாரணமாக வருவது. ஜிபியிடம் (குடும்ப மருத்துவர்) காதுப் பரிசோதனைக்குக் கேளுங்கள். பேச்சுச் சிகிச்சைக்கு அனுப்பச் சொல்லிப் பள்ளியிலும் எழுத்தில் கேட்டு வையுங்கள். சிகிச்சைக்கான வரிசை நீளமானது, ஜூலை ரிப்போர்ட் வரும்வரை தள்ளிப்போட வேண்டாம்.