புகையூட்டிய மாட்டிறைச்சி சாசேஜ்: லேபிளைப் பார்த்துச் சத்துக்கணக்குப் போடுவது எப்படி?

பாக்கெட்டின் பின்பக்கம் 170 கலோரி என்று போட்டிருக்கும். பரவாயில்லையே என்று வாங்கிவிடுவோம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் வாங்கினேன். வீட்டில் ஒருவருக்கு ரத்த அழுத்தம் கூடிய பிறகுதான் லேபிளும் கையுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நாங்கள் சாப்பிட்ட அளவுக்கும் அந்த 170-க்கும் சம்பந்தமே இல்லை. அன்றைக்குப் போட்ட கணக்கைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். கிராம் காட்டும் தராசும் கைபேசிக் கால்குலேட்டரும் இருந்தால் போதும்.

படி 1: பரிமாறும் அளவைத் தேடுங்கள்

கலோரியைப் பார்க்கும் முன் அதற்கு மேலே இருக்கும் வரியைப் பாருங்கள். 'ஒரு முறை பரிமாறும் அளவு 56 கிராம்' என்பது போல இருக்கும். கீழே உள்ள எல்லா எண்களும் அந்த 56 கிராமுக்கு மட்டும்தான். சில லேபிள்களில் 100 கிராமுக்கு என்று இருக்கும். எதுவானாலும் முதலில் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பழகிப் பார்க்க ஒரு மாதிரி லேபிள் வைத்துக்கொள்வோம். பரிமாறும் அளவு 56 கிராம், 170 கலோரி, கொழுப்பு 15 கிராம், அதில் நிறைவுற்ற கொழுப்பு 6 கிராம், சோடியம் 600 மில்லிகிராம், மாவுச்சத்து 2 கிராம், புரதம் 7 கிராம். எண்களை நானே அமைத்தேன். ஆனால் இந்த வகை சாசேஜில் வழக்கமாகக் காணும் அளவுகளை ஒட்டித்தான் இருக்கின்றன. 100 கிராமுக்குச் சுமார் 300 கலோரி, 1000 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் என்பது இங்கே சாதாரணம்.

படி 2: சமைக்கும் முன் எடை போடுங்கள்

ஒரு சாசேஜை எடுத்துத் தராசில் வையுங்கள். நம் மாதிரியில் 84 கிராம் என்று வைத்துக்கொள்வோம். வறுத்த பிறகு எடை போட்டால் கணக்கு தப்பிவிடும். சூடு பட்டதும் தோல் வெடித்து, கொழுப்பு உருகி, வாணலியில் ஆரஞ்சு நிறத்தில் எண்ணெய் தேங்கி நிற்கும், தண்ணீரும் ஆவியாகிவிடும். எடை குறையும், ஆனால் உப்பில் பெரும்பகுதி உள்ளேயே நிற்கும். பொதுவாக லேபிள் எண்கள் பாக்கெட்டில் இருக்கும் நிலைக்கானவை, அதனால் நாமும் அந்த நிலையில்தான் நிறுக்க வேண்டும்.

படி 3: பெருக்குங்கள்

84-ஐ 56-ஆல் வகுத்தால் 1.5. எல்லா எண்களையும் 1.5-ஆல் பெருக்குங்கள். ஒரு சாசேஜுக்கு 255 கலோரி, 22.5 கிராம் கொழுப்பு, 9 கிராம் நிறைவுற்ற கொழுப்பு, 900 மில்லிகிராம் சோடியம், 10.5 கிராம் புரதம். ஒரே நேரத்தில் இரண்டு சாப்பிட்டால் 510 கலோரி, 1800 மில்லிகிராம் சோடியம்.

படி 4: சோடியத்தை உப்பாக மாற்றுங்கள்

என்னைக் கேட்டால் இந்த லேபிளில் முதலில் பார்க்க வேண்டிய எண் கலோரி இல்லை, சோடியம்தான். கலோரி கூடினால் அடுத்த வேளை கொஞ்சம் குறைத்துச் சாப்பிட்டுச் சமாளிக்கலாம். உப்பு அப்படி இல்லை. சோறு, குழம்பு, ரொட்டி என்று நாள் முழுக்கச் சாப்பிடும் எல்லாவற்றிலும் சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டே போகும்.

சோடியத்தை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 900 மில்லிகிராம் சோடியம் என்றால் 2.25 கிராம் உப்பு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராம் சோடியத்துக்குக் குறைவாக, அதாவது 5 கிராம் உப்புக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. ஒரு சாசேஜே அதில் கிட்டத்தட்ட பாதி. 2.25 கிராம் உப்பை ஒருமுறை நிறுத்துத் தட்டில் கொட்டிப் பாருங்கள். நான் கொட்டிப் பார்த்த அன்றே எங்கள் வீட்டில் இரண்டாவது சாசேஜ் நின்றுபோனது.

சில லேபிள்களில் நேரடியாக உப்பு என்றே இருக்கும். அப்போது பெருக்க வேண்டாம்.

படி 5: கலோரி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி, புரதமும் மாவுச்சத்தும் 4 கலோரி. மாதிரி லேபிளில் 15 கிராம் கொழுப்பே 135 கலோரி தருகிறது. மொத்தக் கலோரியில் கிட்டத்தட்ட 80 சதவீதம்! இறைச்சிதானே, புரதம் நிறைய இருக்கும் என்று நினைத்துச் சாப்பிடுகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 100 கலோரிக்கு இதில் 4 கிராம் புரதம்தான். கொழுப்பு குறைந்த மாட்டிறைச்சியில் அதே 100 கலோரிக்கு மூன்று மடங்குக்கு மேல் கிடைக்கும்.

நிறைவுற்ற கொழுப்பு, நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்குச் சுமார் 22 கிராமுக்குள் இருப்பது நல்லது. ஒரு சாசேஜில் 9 கிராம் போய்விடுகிறது.

நல்லதையும் சொல்ல வேண்டும். பி12 வைட்டமின், துத்தநாகம், உடல் எளிதில் உறிஞ்சும் வகை இரும்புச்சத்து எல்லாம் இதில் உண்டு. பல லேபிள்களில் இவை அச்சாகாது.

படி 6: சேர்மானப் பட்டியலைப் படியுங்கள்

எடை அதிகமானது முதலில், குறைந்தது கடைசியில் என்ற வரிசையில்தான் எழுதுவார்கள். முதல் பெயர் மாட்டிறைச்சியாக இருக்க வேண்டும். அப்புறம் சோடியம் நைட்ரைட் அல்லது ஈ250 என்பதைத் தேடுங்கள். உயிருக்கே ஆபத்தான போட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் கிருமியை அடக்குவதும், இறைச்சியின் இளஞ்சிவப்பு நிறத்தைக் காப்பதும் இதுதான். ஆனால் அதிகச் சூட்டில் இது நைட்ரோசமைன் என்ற கேடான பொருளாக மாறலாம். அதனால் கருகும் அளவுக்கு வறுக்காதீர்கள். 'நைட்ரைட் சேர்க்கவில்லை' என்று போட்ட பாக்கெட்டில் செலரி என்ற கீரையின் தூள் இருக்கிறதா பாருங்கள். அதில் இயற்கையாகவே நைட்ரேட் உண்டு, கடைசியில் அதே வேலையைத்தான் செய்கிறது.

படி 7: எத்தனை நாளைக்கு ஒருமுறை?

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, 2015-இல் பதப்படுத்திய இறைச்சியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 18 சதவீதம் கூடுகிறது என்றது. 100 பேரில் 18 பேருக்கு வரும் என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. ஏற்கெனவே இருக்கும் வாய்ப்பு அந்த அளவு கூடுகிறது என்று பொருள். புகையிலையும் அதே பிரிவில் இருப்பதால் இரண்டும் சம ஆபத்து என்றும் ஆகாது. சான்று எவ்வளவு உறுதி என்பதை மட்டுமே அந்தப் பிரிவு சொல்கிறது. இருந்தாலும் தினசரி உணவாக இதை வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

படி 8: இரண்டு பாக்கெட்டை ஒப்பிடுங்கள்

பரிமாறும் அளவு பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாறும், அதனால் இரண்டையும் 100 கிராமுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 600-ஐ 56-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 1071 மில்லிகிராம் சோடியம். அடுத்த பாக்கெட்டில் 850 வந்தால் அதை எடுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு சாசேஜை மெல்லிய வில்லைகளாக நறுக்கி, நிறைய காய்கறியோடு வதக்கி இரண்டு பேர் பகிர்ந்து சாப்பிடுங்கள். அதில் தனியாக உப்புப் போடாதீர்கள், வில்லைகளில் இருக்கும் உப்பே காய்க்கும் சேர்த்துப் போதும்.