ரீவியில் கொழுவும் செல்லப்பிராணி கேம்: பெரியவர்கள் விடும் பிழைகள்

ஓகஸ்ட் மாதம் நல்லூர்த் திருவிழா தொடங்கினால் யாழ்ப்பாணத்து வீடுகளுக்குக் கனடா, லண்டன், பாரிஸ் பெட்டிகளும் வந்து சேரும். சொக்லேட்டுக்கும் சோப்புக்கும் இடையில் பிள்ளைகளுக்கென்று ஒரு விளையாட்டுச் சாமான் இருக்கும். அதில் ஒரு வகைதான் ரீவியில் நேரே கொழுவி விளையாடும் செல்லப்பிராணி கேம். கைக்கு அடக்கமான ஒரு பெட்டி, அதில் நாலைந்து பொத்தான், பின்னால் இரண்டு வயர். செருகினால் திரையில் ஒரு நாய்க்குட்டியோ பூனைக்குட்டியோ வாலாட்டும். அதற்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், நித்திரையாக்க வேண்டும். கசெட் வேண்டாம், இன்ரர்நெற் வேண்டாம். ஆறேழு வயதுப் பிள்ளைக்கு நல்ல சாமான்தான். ஆனால் இரண்டு கிழமையில் அது அலுமாரிக்குள் போய்விடுகிறது என்றால் காரணம் பெரும்பாலும் பிள்ளை அல்ல. கொழுவிக் கொடுக்கும் மாமாவும், ரீவியை நூர்த்துவிடும் அம்மம்மாவும்தான்.

பெரிய பிழை பெட்டியைத் திறந்த கையோடு நடக்கிறது. கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், எங்களிடம் 230. அடப்டரின் முதுகில் பொடி எழுத்தில் ‘இன்புட்’ என்று ஒரு வரி இருக்கும். அதில் 100-240 என்று போட்டிருந்தால் பயமில்லை. 120 என்று மட்டும் இருந்தால் சுவரில் கொழுவவே கூடாது. சூடாகி, மணந்து, புகைந்துவிடும். சிலவேளை கேமையும் சேர்த்துக்கொண்டு போகும். தட்டைப் பல்லுக்கு ஒரு மாற்றுப் பிளக் வாங்கிவிட்டால் சரி என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் சின்னப் பிளக் பல்லைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது.

பிரான்ஸ், ஜேர்மனிச் சாமான்களுக்கு வோல்ட் பொருந்தும், பல்லுத்தான் உருண்டை. அதற்கு எங்கள் வீடுகளில் ஒரு கைவைத்தியம் உண்டு. சொக்கற்றின் மேல் ஓட்டைக்குள் பேனை மூடியை விட்டு, கீழே இரண்டு ஓட்டைகளின் மறைப்பும் திறந்தவுடன் பிளக்கைத் திணிப்பது. பக்கத்தில் நின்று பார்க்கிற பிள்ளை நாளைக்கு யாரும் இல்லாத நேரத்தில் அதையே கையில் கிடைத்த ஆணியால் செய்து பார்க்கும். ஒரு மாற்றுப் பிளக்குக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

எல்லாவற்றிலும் சுகமான வழி, அடப்டரை மறந்துவிட்டுப் பற்றரி போடுவது. இந்த வகைப் பெட்டிகள் பெரும்பாலும் மூன்றோ நான்கோ டபிள் ஏ பற்றரியில் ஓடும். சாதாரண பற்றரி நான்கு சேர்ந்தால் 6 வோல்ட். றீசார்ஜ் செய்கிற வகை ஒன்று 1.2 வோல்ட் என்பதால் நான்கு சேர்ந்தாலும் 4.8 தான் வரும். சில பெட்டிகள் அதில் முரண்டு பிடிக்கும். பாதி முடிந்த பழைய பற்றரியோடு புதியதைக் கலப்பதும் கூடாது, பழையது ஒழுகத் தொடங்கும். அடப்டர்தான் வேண்டும் என்றால் ‘அவுட்புட்’ வோல்ட்டும், கூட்டல் கழித்தல் குறி போட்ட அந்த வட்டப் படமும் பழையதில் உள்ளபடியே இருக்கப் பார்த்து வாங்குங்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட ஊர் இது. வோல்ட்டும் கூட்டல் கழித்தலும் ஒரு காலத்தில் எங்கள் ஆட்களுக்குத் தண்ணி பட்ட பாடு!

அடுத்தது ரீவி. மஞ்சள் வயர் படம், வெள்ளை வயர் சத்தம். சிவப்பைக் காணவில்லையே என்று பெட்டியைக் கவிழ்த்துத் தேட வேண்டாம், பல கேம்களுக்கு அது இல்லை. பல புதிய ரீவிகளில் மஞ்சள் ஓட்டை தனியாக இருக்காது. பச்சை ஓட்டையைச் சுற்றிப் பாதி மஞ்சள் தெரிந்தால் அதற்குள் கொழுவி, ரீவியில் ‘ஏவி’ என்பதைத் தெரிவு செய்யுங்கள். ‘கொம்போனன்ற்’ என்பதை அமத்தினால் நாய்க்குட்டி கறுப்பு வெள்ளையாக வரும். இயர்போன் ஓட்டை மாதிரி ஒன்று இருந்தால் ரீவியோடு வந்த வயரையே பாவிக்க வேண்டும். கம்பனிக்குக் கம்பனி அதன் உள் ஒழுங்கு மாறும். கண்ட வயரைப் போட்டால் இரைச்சல்தான் மிச்சம். எச்டிஎம்ஐ மட்டுமே உள்ள ரீவிக்கு மாற்றிப் பெட்டி ஒன்று தேவை. கடையில் கேட்கும்போது ஏவியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றுவது என்று தெளிவாகச் சொல்லுங்கள். எதிர்ப்பக்கம் மாற்றுகிற பெட்டியும் அதே நிறத்தில், அதே அளவில் இருக்கும். ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது. மாற்றிப் பெட்டிக்கு யூஎஸ்பி வழியாகத் தனியாகக் கரண்டும் கொடுக்க வேண்டும்.

கனடாச் சாமான் என்றால் இன்னொரு சிக்கல். ரீவிக்குப் படம் அனுப்பும் முறை அங்கே என்டிஎஸ்சி (NTSC), இங்கே பால் (PAL). இப்போதைய எல்இடி ரீவிகள் பெரும்பாலும் இரண்டையும் பிடிக்கும். மூலையில் கிடக்கும் பழைய பெட்டி ரீவியைப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கியிருந்தால் நிறம் வராது, அல்லது படம் மேலும் கீழும் ஓடும். மெனுவில் ‘கலர் சிஸ்டம்’ என்பதை ‘ஓட்டோ’வில் விட்டுப் பாருங்கள். அகலத் திரையில் நாய்க்குட்டி குண்டாகத் தெரிந்தால் அது தீனியால் அல்ல. படத்தை 4:3க்கு மாற்றினால் மெலிந்துவிடும்.

இனி, அதிகம் அழ வைக்கிற விசயம். இரவு செய்திக்கு நேரமாகிறது, அம்மம்மா றிமோட்டை எடுத்து ரீவியை மாற்றி, செய்தி பார்த்துவிட்டு நூர்த்துவிடுகிறார். விடிய எழும்பிக் கொழுவினால் குட்டியைக் காணோம்.

“அம்மம்மா, என்ர நாய்க்குட்டிய என்ன செய்தனீங்கள்?”

“நான் ரீவியைத்தானே அப்பன் நூர்த்தனான்!”

அதுதான் பிழை. ரீவியை நூர்த்தால் கேம் நூராது. பெட்டி இரவு முழுக்கப் பற்றரியைத் தின்றுகொண்டு ஓடும், குட்டியும் இருட்டில் பசி கிடக்கும். பற்றரி தேய்ந்து முடியும்போது சில பெட்டிகளில் எல்லாமே அழிந்துவிடும். இதற்கு எதிர்மாறான பிழை, சேமிக்காமல் பெட்டியின் சுவிச்சை அமத்துவது. சில கேம்கள் தாமாகச் சேமிக்கும், சில கேம்களில் மெனுவுக்குள் போய்ச் சேமிக்க வேண்டும், சில ஒரு இரகசியச் சொல்லைக் காட்டி எழுதி வைக்கச் சொல்லும், மலிவானவை எதையுமே ஞாபகம் வைக்காது. உங்களுடையது எந்த வகை என்பதை முதல் நாளே, குட்டிக்குப் பெயர் வைக்க முன்பே, ஒருதரம் நூர்த்துப் போட்டுப் பாருங்கள். அடப்டரில் ஓட்டுகிறவர்கள் பற்றரியையும் உள்ளே போட்டு வைப்பது நல்லது. கரண்ட் போனால் பல பெட்டிகளில் அது கைகொடுக்கும்.

கையில் வைத்து விளையாடும் முட்டை வடிவச் சாமானையும் இதையும் ஒன்றாக நினைப்பவர்கள் உண்டு. ஜப்பானின் பண்டாய் நிறுவனம் 1996 நவம்பரில் விட்ட டமகோச்சிக்கு உள்ளே மணிக்கூடு ஓடிக்கொண்டே இருக்கும். பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருந்தாலும் அதற்குப் பசிக்கும். அதனால்தான் அந்தக் காலத்தில் பல நாட்டுப் பள்ளிக்கூடங்கள் அதைத் தடை செய்தன. ரீவியில் கொழுவுகிற வகையில் சுவிச்சை அமத்தினால் பெரும்பாலும் நேரமும் நின்றுவிடும். ஆகவே கணக்கு வாத்தியார் வந்திருக்கும்போது ‘குட்டி செத்துப்போகும்’ என்று பிள்ளை அழுதால் சேமித்துவிட்டு நூர்க்கலாம்.

வளர்ப்பில் பிள்ளைகள் விடும் பிழை அனேகமாக ஒன்றுதான்: இனிப்பு. டமகோச்சியில் சாப்பாடு பசியைத் தீர்க்கும், தின்பண்டம் சந்தோசத்தைக் கூட்டும். ஆனால் தின்பண்டத்தால் ஏறும் நிறை சாப்பாட்டை விட இரண்டு மடங்கு. நிறையைக் குறைக்க விளையாட வேண்டும். பின்னால் வந்த கேம்கள் பலவற்றிலும் இதே கணக்குத்தான். கழிவைத் துடைக்காமல் விட்டால் வருத்தம் வரும். மருந்து ஒருதரம் கொடுத்துக் குணமாகாவிட்டால் இரண்டாம் தரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். நித்திரைக்குப் போனால் லைற்றை நூர்க்க வேண்டும். இதையெல்லாம் பெரியவர் பொத்தானைப் பறித்துச் செய்து காட்டுவதில் பிரயோசனம் இல்லை. குட்டிக்கு இரண்டு முறை வருத்தம் வந்தால் பிள்ளை தானே விளங்கிக்கொள்ளும்.

செத்துப்போனால்? பிள்ளை பார்க்க முன் புதிதாகத் தொடங்கி அதே பெயரை வைத்துவிடும் தாய் தகப்பன்மார் இருக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. கோழிக்குஞ்சைப் பருந்து தூக்குவதைப் பார்த்து வளர்கிற பிள்ளைக்கு இது தாங்காத செய்தி இல்லை. போய்விட்டது, வேண்டுமென்றால் இன்னொன்று வளர்ப்போம் என்று சொன்னால் போதும்.

நேரத்தைப் பற்றி ஒரு வரி. இரண்டு முதல் நான்கு வயது வரையான பிள்ளைகளுக்குத் திரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் சொல்லியிருக்கிறது. தம்பி தங்கச்சியும் பக்கத்தில் இருந்து பார்ப்பதையும் அந்தக் கணக்கில் சேருங்கள். வயர் கட்டை என்பதற்காகப் பிள்ளை ரீவிக்கு மூக்கை முட்டிக்கொண்டு இருந்தால் ஒரு நீட்டு வயர் வாங்கிக் கொடுங்கள்.

டமகோச்சி போன்ற சின்னச் சாமான்களிலும் சில றிமோட்களிலும் பொத்தான் பற்றரி இருக்கும். மூடியின் ஸ்குரூவைத் தொலைத்துவிட்டு ரேப் ஒட்டி வைப்பது நாங்கள் வழமையாகச் செய்வது. அதை விட மோசமான பிழை இந்தப் பட்டியலில் இல்லை. விழுங்கிய பற்றரி தொண்டைக்குக் கீழே சிக்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் உணவுக்குழாயை எரித்துவிடக்கூடும். வாந்தி எடுக்க வைக்காமல், வெளியே வரும் என்று காத்திருக்காமல், நேரே போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும்.

கேமை எடுத்து வைக்கும்போது பற்றரியைக் கழற்றிவிடுங்கள். எங்கள் உப்புக் காற்றில் தகடுகள் கெதியாகக் கறள் பிடிக்கும். ஒழுகிய பற்றரியால் வெள்ளையாகப் பூத்திருந்தால் பஞ்சில் இரண்டு துளி தேசிக்காய்ப் புளி தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய விட்டுப் பிறகு புதுப் பற்றரி போடுங்கள். அந்தப் பூத்ததைக் கையால் தொடாமல், இதைப் பிள்ளையிடம் விடாமல் நீங்களே செய்யுங்கள். அடப்டரில் ஒரு துண்டுக் கடதாசி ஒட்டி, எந்தக் கேமுடையது, எத்தனை வோல்ட் என்று எழுதி வைத்தால் அடுத்த ஓகஸ்டில் எல்லா அடப்டர்களையும் மாறி மாறிக் கொழுவிப் பார்க்கும் வேலை மிச்சம்.