கடைசி வருஷம் யார் கையில்? என்பிஏ டிரேடில் ஆப்ஷன் பார்க்கும் முறை

கோவையில் நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பை ஆட்டங்களை கேலரியில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு வீரர் அணி மாறுவது புதிதல்ல. ஒருவர் ரயில்வேயை விட்டு வங்கி வேலைக்குப் போவார், அடுத்த சீசனில் வங்கி ஜெர்ஸியில் இறங்குவார். அங்கே வேலை உத்தரவுதான் எல்லாம். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வில் டிரேடு, அதாவது அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வது, நடந்தால் கைமாறுவது வீரரின் ஒப்பந்தம். அதில் எழுதியிருக்கும் ஒவ்வொரு வரியும் புது அணிக்கு அப்படியே போய்ச் சேரும். அந்த வரிகளில் டிரேடை அதிகம் ஆட்டிவைப்பது ஆப்ஷன், அதாவது ஒப்பந்தத்தின் கடைசி வருஷத்தை வைத்துக்கொள்வதா விடுவதா என்று முடிவெடுக்கும் உரிமை.

திருப்பூரில் மூன்று வருஷ அக்ரிமெண்ட், நான்காம் வருஷம் வாடகைக்காரர் இஷ்டம் என்று எழுதிய ஷெட்டை ஒருவர் விலைக்குக் கேட்டால், வாடகை எவ்வளவு என்பதற்கு முன்னால் அந்தக் கடைசி வரியைத்தான் படிப்பார். டிரேடுச் செய்தி வந்ததும் நீங்களும் முதலில் பார்க்க வேண்டியது அதுதான்.

மூன்று வகை

பிளேயர் ஆப்ஷன் என்றால் கடைசி வருஷத்தை ஏற்பதும் விடுவதும் வீரரின் முடிவு. டீம் ஆப்ஷனில் அந்த முடிவு அணியுடையது. மூன்றாவது இடிஓ, அதாவது எர்லி டெர்மினேஷன் ஆப்ஷன். இதில் கடைசி வருஷம் ஏற்கெனவே ஒப்பந்தத்துக்குள் இருக்கும்; வீரர் வேண்டுமானால் அதை வெட்டிவிடலாம். பேசாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதில்தான் வித்தியாசம். பிளேயர் ஆப்ஷனில் வீரர் வாய் திறக்காவிட்டால் ஒப்பந்தம் முடிந்தது. இடிஓ-வில் வாய் திறக்காவிட்டால் ஒப்பந்தம் தொடரும். இடிஓ இப்போது அரிது. 2018-ல் கார்மெலோ அந்தோணி தன் இடிஓ-வைப் பயன்படுத்தாமல் விட்டார், சுமார் 2.79 கோடி டாலர் சம்பளம் அப்படியே நின்றது. ஜூலையில் ஓக்லஹோமா சிட்டி அவரை அட்லாண்டாவுக்கு டிரேடு செய்தது.

அணிக்கு எது பிடிக்கும் என்பது சொல்லாமலே விளங்கும். பிளேயர் ஆப்ஷன் உள்ள வீரரை வாங்குகிற அணிக்கு இரண்டு பக்கமும் இடி. நன்றாக ஆடினால் சந்தையில் அதிகம் கிடைக்கும் என்று போய்விடுவார். காயம் பட்டாலோ ஆட்டம் சரிந்தாலோ, அந்தப் பெரிய சம்பளத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துகொள்வார். அதனால் பிளேயர் ஆப்ஷன் உள்ள ஒப்பந்தத்தை இந்த வருஷத்தோடு முடியும் ஒப்பந்தம் என்று எண்ணிக் கணக்குப் போடாதீர்கள். ரசிகர்கள் போடும் கற்பனை டிரேடுகளில் பாதி இங்கேதான் கவிழ்கிறது.

தேதிதான் முதல் கணக்கு

அதே வீரர், அதே சம்பளம், அதே ஆப்ஷன். ஆனால் வருஷத்தின் மூன்று காலங்களில் மூன்று விதமான சரக்கு.

முதல் காலம், சீசன் தொடங்கி பிப்ரவரி டிரேடு கெடு வரை. ஆப்ஷன் முடிவாகாமல் இருந்தாலும் வீரரைத் தாராளமாக டிரேடு செய்யலாம். ஆப்ஷன் அவரோடு போகும். டீம் ஆப்ஷன் என்றால் முடிவெடுக்கும் உரிமை புது அணிக்குப் போகும். கெடு வழக்கமாக பிப்ரவரி முதல் பாதியில் ஒரு வியாழக்கிழமை, அமெரிக்கக் கிழக்கு நேரம் மாலை 3 மணி. நமக்கு வெள்ளிக்கிழமை விடியற்காலை 1.30.

இரண்டாம் காலம், கெடு முடிந்ததிலிருந்து ஜூன் 30 வரை. ஓர் அணிக்கு அந்த சீசன் முடிந்ததும் டிரேடு செய்ய மறுபடி அனுமதி உண்டு. ஜூனில், அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் இரவில் நடக்கும் டிரேடுகள் அப்படித்தான் நடக்கின்றன. ஆனால் ஒப்பந்தம் முடிகிற வீரரையும், ஆப்ஷனால் முடிந்துவிடக்கூடிய வீரரையும் தொடக்கூடாது. "முடிந்துவிடக்கூடிய" என்ற சொல்லைக் கவனியுங்கள். வீரர் கண்டிப்பாக ஆப்ஷனை ஏற்பார் என்று ஊருக்கே தெரிந்திருந்தாலும், எழுத்தில் ஏற்கும் வரை அவர் டிரேடுக்கு ஆகமாட்டார்.

மூன்றாம் காலம், ஜூலை தொடக்கம். ஆப்ஷன் ஏற்றவர் சாதாரண ஒப்பந்த வீரர். விட்டவர் ஃப்ரீ ஏஜென்ட், எந்த அணியோடும் ஒப்பந்தம் பேசலாம்.

ஆப்ஷன் முடிவுக்கான கடைசித் தேதி ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். பெரும்பாலும் ஜூன் 29, நம் கடிகாரத்துக்கு அது ஜூன் 30 விடியற்காலையாகிவிடும். ஆனால் சிலருடையது வாரக்கணக்கில் முன்னாலேயே வந்துவிடும். பொதுத் தேதியை நம்பாமல் அந்த வீரரின் தேதியைத் தேடிப் பாருங்கள்.

ஏற்று, டிரேடாவது

ஆப்ஷன் விஷயத்தில் ருசியான பகுதி இது. வீரர் வேறு அணிக்குப் போக வேண்டும் என்கிறார். அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைத்திருக்கும் உச்சவரம்புக்குக் கீழே அந்த அணியிடம் காலியிடம் இல்லை. ஃப்ரீ ஏஜென்டாக அவரை எடுக்க வழியில்லை. அப்போது வீரர் ஆப்ஷனை ஏற்றுக்கொள்கிறார், பழைய அணி அவரை டிரேடு செய்கிறது.

2017 ஜூன் 28-ல் கிறிஸ் பால் செய்தது இதைத்தான். கிளிப்பர்ஸ் ஒப்பந்தத்தில் இருந்த சுமார் 2.42 கோடி டாலர் கடைசி வருஷத்தை ஏற்று ஹூஸ்டனுக்குப் போனார். கிளிப்பர்ஸுக்கு பேட்ரிக் பெவர்லி, லூ வில்லியம்ஸ், மான்ட்ரெஸ்ல் ஹாரல் உள்ளிட்ட வீரர்களும் டிராஃப்டில் ஒரு முதல் சுற்றுத் தேர்வும் கிடைத்தன. பாலின் பேர்ட் உரிமையும் கூடவே ஹூஸ்டனுக்குப் போனது. பேர்ட் உரிமை என்பது, உச்சவரம்பைத் தாண்டியும் தன் சொந்த வீரருக்குச் சம்பளம் கொடுக்க அணிக்கு உள்ள உரிமை. அதை வைத்துத்தான் அடுத்த கோடையில் 4 வருஷம், 16 கோடி டாலர் என்று அவர் கையெழுத்திட்டார். நேராக ஃப்ரீ ஏஜென்டாகப் போயிருந்தால் அந்த உரிமை கிளிப்பர்ஸோடு நின்றிருக்கும்.

தேதி எப்படிக் கழுத்தைப் பிடிக்கும் என்பதற்கு 2023-ன் போர்சிங்கிஸ் டிரேடைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. வாஷிங்டனில் அவருக்கு 3.6 கோடி டாலர் பிளேயர் ஆப்ஷன். முடிவுக்கான கெடு ஜூன் 21 நள்ளிரவு. பாஸ்டன், வாஷிங்டன், கிளிப்பர்ஸ் மூன்றும் பேசி வைத்திருந்த டிரேடில் மால்கம் பிராக்டன் கிளிப்பர்ஸுக்குப் போக வேண்டும். அவருடைய மருத்துவ அறிக்கையைப் பார்த்து முடிக்க நேரம் போதாமல், கெடுவுக்குச் சில மணி நேரம் முன்பு அது முறிந்தது. நள்ளிரவைத் தாண்டவிட்டிருந்தால் போர்சிங்கிஸ் ஃப்ரீ ஏஜென்ட்; ஆப்ஷனை ஏற்று டிரேடாகும் வழி மூடியிருக்கும். அதற்குள் கிளிப்பர்ஸின் இடத்தில் மெம்ஃபிஸைக் கொண்டுவந்து, மார்கஸ் ஸ்மார்ட்டை அங்கே அனுப்புவதாக மாற்றிப் பேசி முடித்தார்கள். போர்சிங்கிஸும் ஆப்ஷனை ஏற்று பாஸ்டனுக்குப் போனார்.

ஜூன் டிரேடுகளில் சம்பளத்தைப் பொருத்தும்போது, அதாவது அனுப்பும் சம்பளமும் வாங்கும் சம்பளமும் விதிப்படி ஒத்துப்போகிறதா என்று பார்க்கும்போது, ஒரு நுணுக்கம் உண்டு. ஜூன் 30 வரை பொருத்துவது முடிந்த சீசனின் சம்பளத்தை வைத்து. ஆக போர்சிங்கிஸுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது 3.38 கோடி, புது வருஷத்தின் 3.6 கோடி அல்ல. ஜூலை பிறந்ததும் புது எண். ஏப்ரனை, அதாவது உச்சவரம்புக்கு மேலே லீக் வைத்திருக்கும் கட்டுப்பாட்டுக் கோட்டை, ஒட்டி நிற்கும் அணிக்கு இந்த 22 லட்சம் டாலர் வித்தியாசமே டிரேடு கூடுவதையும் கலைவதையும் முடிவு செய்துவிடும். முதல் ஏப்ரனுக்கு மேலே உள்ள அணி, அனுப்பும் சம்பளத்தைவிட ஒரு டாலர்கூட அதிகமாக வாங்க முடியாது. 2025-26 சீசனுக்கு உச்சவரம்பு 15.46 கோடி, முதல் ஏப்ரன் 19.59 கோடி, இரண்டாம் ஏப்ரன் 20.78 கோடி டாலர். இரண்டாம் ஏப்ரனுக்கு மேலே போனால் இரண்டு வீரர்களின் சம்பளத்தைக் கூட்டி ஒரு பெரிய வீரரை வாங்கவும் முடியாது.

இந்த வழியில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து வீரருக்குத்தான். ஜேம்ஸ் ஹார்டன் 2023 ஜூன் கடைசியில் சுமார் 3.56 கோடி டாலர் ஆப்ஷனை ஏற்றபடியே டிரேடு கேட்டார். ஏற்ற நொடியே பிடி ஃபிலடெல்ஃபியாவிடம் போய்விட்டது. கிளிப்பர்ஸுக்கு அவர் போய்ச் சேர்ந்தது நவம்பர் தொடக்கத்தில், சீசனும் ஆரம்பித்த பிறகு. டிரேடு பேசி முடிந்த பிறகு ஆப்ஷனை ஏற்பதும், ஏற்றுவிட்டு டிரேடுக்குக் காத்திருப்பதும் ஒன்றல்ல.

விட்டுவிட்டு, கையெழுத்திட்டு டிரேடாவது

ஆப்ஷனை விட்ட வீரர் பழைய அணியோடு புது ஒப்பந்தம் போட்டு, அதே மூச்சில் வேறு அணிக்குப் போவது சைன் அண்ட் டிரேட். 2019-ல் கெவின் டுரான்ட் புரூக்ளினுக்கும் ஜிம்மி பட்லர் மயாமிக்கும் இப்படித்தான் போனார்கள். சம்பளம் உயர வேண்டும் என்றால் வீரருக்கு இது நல்ல வழி; அணிகளுக்கோ தலைவலி. புது ஒப்பந்தம், ஆப்ஷன் வருஷத்தைக் கழித்து, குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 4 வருஷம். வாங்கும் அணி அந்த சீசன் முழுக்க முதல் ஏப்ரனைத் தாண்டக் கூடாது. இதற்கு மேல், சம்பளம் 20 சதவீதத்துக்கு மேல் உயர்ந்து, பழைய அணி உச்சவரம்புக்கு மேலே இருந்தால், இரு பக்கமும் ஒரே எண் வராது. உதாரணமாக, பழைய சம்பளம் 1 கோடி, புதுசு 3 கோடி என்று வையுங்கள். வாங்கும் அணிக்கு அது 3 கோடி. அனுப்பும் அணிக்குப் பழைய சம்பளம் அல்லது புதியதில் பாதி, இரண்டில் எது பெரிதோ அது, இங்கே 1.5 கோடி. இந்த இடைவெளியை அடைக்கத்தான் மூன்றாவது அணியைத் தேடி ஓடுகிறார்கள். ஆப்ஷனை ஏற்று டிரேடானால் இந்தத் தொல்லை கிடையாது. இரு பக்கமும் ஒரே எண், அந்த ஏப்ரன் பூட்டும் இல்லை.

ஆப்ஷனை விட்டு அதே அணியிலேயே புதிதாகக் கையெழுத்திட்டவரை உடனே டிரேடு செய்யலாம் என்று நினைக்காதீர்கள். புதிதாகக் கையெழுத்திட்ட ஃப்ரீ ஏஜென்டுக்கு 3 மாதம் அல்லது டிசம்பர் 15, எது பிந்தியதோ அதுவரை பூட்டு. பேர்ட் உரிமையில் பெரிய உயர்வு பெற்றவருக்கு, அணி உச்சவரம்பைத் தாண்டியிருந்தால், ஜனவரி 15 வரை. ஆப்ஷனை ஏற்றவருக்கு இந்தப் பூட்டு எதுவும் இல்லை.

ஆப்ஷனை எந்தப் பக்கமும் நிற்கவிடாமல், டிரேடோடு சேர்த்தே தீர்த்துவிடும் வழியும் உண்டு. 2025 பிப்ரவரியில் கோல்டன் ஸ்டேட் பட்லரை வாங்கியபோது, அவருடைய சுமார் 5.24 கோடி டாலர் ஆப்ஷன் வருஷத்தை நீக்கி, அந்த இடத்திலிருந்தே தொடங்கும் 2 வருஷ நீட்டிப்பு, சுமார் 11.1 கோடிக்குப் போட்டார்கள். கோடையில் போய்விடுவாரோ என்ற கவலை அத்தோடு போனது.

ஒன்றும் ஒன்றும்

ஒரு வருஷம், கூடவே ஒரு ஆப்ஷன் வருஷம் என்று போட்ட ஒப்பந்தத்தில் மறைந்திருக்கும் ஒரு வீட்டோ உண்டு. முதல் வருஷத்தின் முடிவில் வீரருக்குப் பேர்ட் உரிமையோ அதன் சிறிய வடிவமான எர்லி பேர்ட் உரிமையோ சேரும் என்றால், அந்த வருஷத்தில் அவர் சம்மதிக்காமல் டிரேடு செய்ய முடியாது. விதி ஆப்ஷன் வருஷத்தைக் கணக்கில் எடுக்காமல் அதை ஒரு வருஷ ஒப்பந்தமாகவே பார்க்கிறது. இப்படிப்பட்ட ஒரு வருஷ ஒப்பந்தத்தில் டிரேடானால் அந்த உரிமை அழியும் என்பதால் அவருக்கு இந்தப் பாதுகாப்பு. 2023 ஒப்பந்த விதிகளுக்குப் பிறகு கையெழுத்திடும்போதே வீட்டோவை விட்டுக்கொடுக்க அனுமதி வந்தது. லேக்கர்ஸோடு அந்தக் கோடையில் கையெழுத்திட்ட டிஆஞ்செலோ ரஸல் அப்படி விட்டுக்கொடுத்தார். டிரேடு செல்லுமா என்று பார்க்கும் இணையக் கருவிகளான டிரேடு மெஷின்கள் பல சம்பளத்தை மட்டும் கூட்டிக் கழித்துப் பச்சை விளக்கு காட்டும். இந்த வீட்டோவை நீங்களேதான் பார்க்க வேண்டும்.

டீம் ஆப்ஷனும் ரூக்கிகளும்

பெரிய சம்பளத்தில் டீம் ஆப்ஷன் இருந்தால் அது நல்ல டிரேடுச் சரக்கு. வாங்குபவர் வேண்டாம் என்றால் கோடையில் கைகழுவலாம். ஹூஸ்டன் ஃபிரெட் வான்வ்லீட்டின் மூன்றாம் வருஷத்தை, 4.49 கோடி டாலர், அப்படித்தான் எழுதி வைத்திருந்தது. 2025-ல் அதை ஏற்காமல், 2 வருஷம் 5 கோடி என்று புதிதாகப் போட்டுக்கொண்டது.

டிராஃப்டின் முதல் சுற்றில் எடுத்த புது வீரரின், அதாவது ரூக்கியின், ஒப்பந்தத்தில் மூன்றாம், நான்காம் வருஷங்கள் இரண்டுமே டீம் ஆப்ஷன். முடிவை ஒரு வருஷம் முன்னதாக, அக்டோபர் 31-க்குள் சொல்ல வேண்டும். ஏற்காமல் விட்ட வீரரை டிரேடில் மலிவாக வாங்கலாம், ஆனால் ஒரு வால் ஒட்டியிருக்கும்: அவரை மறுபடி ஒப்பந்தம் செய்யும்போது, கைவிட்ட அந்த ஆப்ஷன் தொகைக்கு மேல் தொடக்கச் சம்பளம் தர முடியாது. சீசன் நடுவில் டிரேடில் வாங்கிய அணிக்கும் இதே கட்டு. ஃபீனிக்ஸ் 2020-ல் 10-வது தேர்வாக எடுத்த ஜேலன் ஸ்மித்தின் மூன்றாம் வருஷத்தைக் கைவிட்டு, 2022 பிப்ரவரியில் இண்டியானாவுக்கு அனுப்பியது. அங்கே அவர் நன்றாக ஆடினார். ஆனாலும் இண்டியானா தர முடிந்த தொடக்கச் சம்பளம் சுமார் 46.7 லட்சம் டாலர்தான். மற்ற அணிகளுக்கு அந்த வரம்பு இல்லை. நல்லவேளையாக அவர் அங்கேயே தங்கினார்.

கடைசியாக டிரேடு போனஸ். சில ஒப்பந்தங்களில் டிரேடானால் மிச்சமுள்ள சம்பளத்தில் 15 சதவீதம் வரை கூடுதல் என்று எழுதியிருக்கும். முடிவாகாத ஆப்ஷன் வருஷம் அந்தக் கணக்கில் சேராது, ஏற்றுவிட்டால் சேரும். 3.6 கோடி ஆப்ஷனை ஏற்று ஜூலையில் டிரேடானால் போனஸ் மட்டும் 54 லட்சம் டாலர். வாங்கும் அணியின் பக்கம் அது கூடும், அனுப்பும் அணியின் பக்கம் கூடாது. பொருந்தாமல் போனால் வீரர் அதில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ விட்டுக்கொடுக்கலாம். எனவே ஆப்ஷனை ஏற்று டிரேடாகப்போகும் வீரருக்குக் கணக்குப் போடும்போது, போனஸ் இருக்கிறதா என்று பார்த்த பிறகே சம்பளத்தைப் பொருத்துங்கள்.