ஈதர்நெட் கேபிள் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கடைக்குச் செல்வதற்கு முன் டேப்பைக் கையில் எடுங்கள். ரவுட்டருக்கும் கணினிக்கும் இடையே உள்ள நேர்த் தொலைவை அளந்து பயனில்லை. கேபிள் சுவரில் ஏறி, கூரையோரமாக ஓடி, மறுபுறம் இறங்கும் வழியைத்தான் அளக்க வேண்டும். கூடத்தில் ரவுட்டரும் மாடியறையில் கணினியும் உள்ள வீட்டில் எட்டு மீட்டராகத் தோன்றுவது, இப்படி அளந்தால் பதினெட்டு மீட்டரைத் தொட்டுவிடும். இரு முனையிலும் ஒவ்வொரு மீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். செம்புக் கேபிளில் ஈதர்நெட்டுக்கு எல்லை 100 மீட்டர். பெரிய அலுவலகத்தில் அதைத் தாண்டினால் நடுவில் ஒரு நெட்வொர்க் சுவிட்ச் (சிக்னலை வாங்கி மீண்டும் அனுப்பும் பெட்டி) வைக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது, எந்த வகை என்பது. கேட் என்றால் கேட்டகரி, அதாவது கேபிளின் தரப் பிரிவு. கேட்-5இ கேபிள் 100 மீட்டர் வரை வினாடிக்கு 1 ஜிகாபிட் வேகத்தைத் தாங்கும். கேட்-6 அதே வேகத்தை அதே தொலைவுக்குக் கொடுப்பதோடு, ஏறத்தாழ 55 மீட்டருக்குள் 10 ஜிகாபிட் வரை செல்லும். கேட்-6ஏ 10 ஜிகாபிட்டை 100 மீட்டருக்கும் கொண்டுசெல்லும். ஆனால் தடிமனானது, பைப்பின் வளைவுகளில் இழுப்பவரைப் படுத்திவிடும். புதிதாக இழுப்பதானால் வீட்டுக்கும் சிறிய அலுவலகத்துக்கும் கேட்-6 போதும் என்பேன். சுவருக்குள் ஏற்கெனவே நல்ல கேட்-5இ இருந்தால் அதைப் பிடுங்க வேண்டாம்; 2016-இல் வந்த தர வரையறை அந்தக் கேபிளிலேயே 2.5 ஜிகாபிட்டுக்கு வழி செய்திருக்கிறது. கேட்-8 என்பது டேட்டா சென்டர்களில் 30 மீட்டருக்குள் பயன்படுத்துவதற்கென வகுக்கப்பட்டது. வீட்டு ரவுட்டருக்கு அதை வாங்குவது காசுக்குக் கேடு.

உண்மையில் ஏமாறும் இடம் இந்த எண்ணில் இல்லை, உள்ளிருக்கும் உலோகத்தில் இருக்கிறது. மலிவாகக் கிடைக்கும் பல கேபிள்களில், உறையின் மீது கேட்-6 என்று அச்சிட்டிருந்தாலும், கம்பி அலுமினியமாகவும் அதன்மேல் செம்பு மெல்லிய பூச்சாகவும் இருக்கும்; கடைக்காரர்கள் இதை சிசிஏ என்பார்கள். அலுமினியத்தின் மின்தடை செம்பைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு என்பதால், கேபிள் வழியாகவே மின்சாரம் பெறும் கேமராக்களுக்கு இது ஆகாது. கம்பி சூடாவதோடு தொலைவிலுள்ள கேமராவுக்குப் போதிய மின்னழுத்தமும் சென்று சேராது. வளைத்தால் எளிதில் ஒடியவும் செய்யும். ஆகவே ஒரு துண்டு கேட்டு வாங்கி, உறையை உரித்து, ஒரு கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள்: சுரண்டிய இடமும் செந்நிறமாக இருந்தால் செம்பு, வெள்ளி போல் வெளுத்தால் அலுமினியம். காந்தத்தை வைத்துச் சோதிப்பவர்களும் உண்டு. செம்பும் அலுமினியமும் இரண்டுமே காந்தத்தில் ஒட்டாது என்பதால், அதனால் இரும்புக் கம்பியைத்தான் கண்டுபிடிக்க முடியும்.

சுவருக்குள் செல்வதற்கு, உள்ளிருக்கும் ஒவ்வொரு கம்பியும் ஒரே திடக் கம்பியாக உள்ள கேபிளும், மேசையில் அடிக்கடி அசையும் இணைப்புக்கு, ஒவ்வொரு கம்பியும் மெல்லிய இழைகளால் ஆன பேட்ச் கார்டு எனும் குட்டைக் கேபிளும் ஏற்றவை. உலோகக் கவசமுள்ள கேபிளை, முறையான எர்த் இணைப்பு இல்லாத வீட்டில் வாங்கிப் பயனில்லை. மின்சார வயர் செல்லும் பைப்பிலேயே இதையும் நுழைக்க எலக்ட்ரீஷியன் முன்வந்தால் உறுதியாக மறுத்துவிடுங்கள். பாதுகாப்புக்காகவே தனிப் பைப் வேண்டும். வெளிச்சுவரில் ஓடுவதற்கு வெயில் தாங்கும் கறுப்பு உறை வேண்டும். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குச் செல்வதானால், இடி மின்னலை எண்ணி, ஃபைபரையே (ஒளியிழைக் கேபிளை) நாடுவது நல்லது.

கேபிளைச் செருகுவதற்கான கனெக்டரைப் பொருத்தும்போது இரு முனையிலும் ஒரே நிற வரிசை வேண்டும். பரவலாக உள்ள வரிசை இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. எல்லாம் முடிந்தபின் கணினியின் நெட்வொர்க் அமைப்பில் இணைப்பு வேகத்தைப் பாருங்கள். கேபிளின் எட்டுக் கம்பிகளும் இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு இணைகளாக இருக்கும்; 1 ஜிகாபிட்டுக்கு நான்கு இணைகளும் தேவை. 100 மெகாபிட்டுக்கு இரண்டே போதும். என் மாடியறையில் சில வாரங்கள் 100 என்றே காட்டியது, கேபிளைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். ஒடிந்திருந்தது கனெக்டருக்குள் நீல இணையின் ஒரே ஒரு கம்பி. ஆகவே 100 என்று காட்டினால், வேறு கேபிள் வாங்கும் முன் இரு முனைகளையும் வெட்டிவிட்டுப் புதிய கனெக்டர்களை கிரிம்ப் செய்து (கருவியால் அழுத்திப் பொருத்தி) பாருங்கள்.