தான்சானியா செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தான்சானியா செல்ல முடிவெடுத்தவர்கள் முதலில் கேட்பது ‘எந்த மாதம் போகலாம்?’ என்பதைத்தான். அந்த மாதத்தில் செரெங்கெட்டியின் எந்தப் பகுதியில் தங்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்காததே பெரும்பாலான ஏமாற்றங்களுக்குக் காரணம். செரெங்கெட்டி தேசியப் பூங்காவின் பரப்பு 14,763 சதுர கிலோமீட்டர். வில்டபீஸ்ட் என்னும் மான் இனத்தின் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகள் மழையையும் புல்லையும் தேடி ஆண்டு முழுவதும் அதற்குள்ளும் அதைச் சுற்றியும் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஜனவரி இறுதியிலிருந்து மார்ச் வரை அவை தெற்கே நுடுட்டுப் பக்கத்துப் புல்வெளிகளில் இருக்கும். எரிமலைச் சாம்பல் படிந்த அந்த மண்ணில் விளையும் குறும்புல்லில் தாதுச்சத்து மிகுதி என்பதால், கன்று ஈனும் காலத்தை அங்கே கழிக்கின்றன. ஜூன் வாக்கில் மேற்கே குருமெட்டி ஆற்றை ஒட்டியும், ஜூலை முதல் அக்டோபர் வரை வடக்கே மாரா ஆற்றங்கரையிலும் அவற்றைக் காணலாம். பிப்ரவரியில் கட்டணம் குறைவு என்று வடக்கே அறை எடுப்பவருக்கு வெறும் புல்வெளிதான் மிஞ்சும். மாரா ஆற்றைக் கூட்டம் கடக்கும் நாளை முன்கூட்டியே குறித்துச் சொல்லும் முகவரை நம்பவே கூடாது. கரைக்கு வந்து நின்ற கூட்டம் மணிக்கணக்கில் தயங்கிவிட்டு வந்த வழியே திரும்பிப் போவதும் உண்டு. சிங்கமும் சிறுத்தையும் கண்டால் போதும் என்பவர்கள் இந்தக் கணக்கில் சிக்காமல் பூங்காவின் நடுவே செரோனெராவில் தங்கலாம். அங்கே அவை எல்லா மாதங்களிலும் உள்ளன.

அடுத்த தவறு தூரத்தைக் குறைத்து மதிப்பிடுவது. பெரும்பாலான பயணங்கள் தொடங்கும் அருஷா நகரிலிருந்து செரோனெராவுக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ஏறத்தாழப் பாதி வழி மண் சாலை என்பதால் ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும். தரங்கிரே, மன்யாரா, ங்கோரோங்கோரோ, செரெங்கெட்டி ஆகிய நான்கு வனவிலங்குப் பகுதிகளையும் நான்கு நாள்களில் அடக்கும் திட்டங்கள் விளம்பரத்தில் அழகாக இருக்கும். ஆனால் அவற்றில் செல்வோர் விலங்குகளைவிடப் புழுதியையே அதிகம் பார்க்கிறார்கள். பூங்கா நுழைவுக் கட்டணம் 24 மணி நேரக் கணக்கில் வசூலிக்கப்படுவதால், நுழையும் நேரத்தையும் வெளியேறும் நேரத்தையும் யோசிக்காமல் திட்டமிட்டால் கூடுதல் நாளுக்கான கட்டணமும் தலையில் விழும். சிறிய விமானத்தில் செல்வோர் தலைக்கு 15 கிலோ சுமையை, அதுவும் மடங்கக்கூடிய மென்பையில்தான், கொண்டுசெல்ல முடியும்.

ங்கோரோங்கோரோ, எரிமலை உட்சரிந்து உருவான மாபெரும் பள்ளம். ஏறத்தாழ 600 மீட்டர் ஆழத்தில், சுமார் 260 சதுர கிலோமீட்டர் பரப்பில் அதன் தரை விரிந்திருக்கிறது. ஒட்டகச்சிவிங்கியை அங்கே தேடிப் பயனில்லை. பள்ளத்தின் தரையில் அவை வசிப்பதில்லை. கருப்புக் காண்டாமிருகம் இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் தொலைவில் ஒரு சாம்பல் புள்ளியாகவே தெரியும் என்பதால் இருகண்நோக்கி இல்லாமல் இறங்குவது வீண். பள்ளத்தின் விளிம்பு கடல்மட்டத்திலிருந்து 2,300 மீட்டர் அளவு உயரத்தில் இருக்க, ஆப்பிரிக்கா என்றாலே வெயில் என்று நினைத்துப் பருத்திச் சட்டைகளோடு மட்டும் வருவோர் ஜூன், ஜூலை விடியல்களில் நடுங்குகிறார்கள். அடர்நீலமும் கருப்பும் கடித்துத் தொல்லை தரும் ட்செட்சே ஈக்களை ஈர்க்கும் நிறங்கள் என்பதால் உடையின் நிறத்தையும் கவனிக்க வேண்டும். பள்ளத்துக்குள் நீர்யானைக் குளக்கரையில் மதிய உணவுக்காக வண்டிகள் நிற்கும் இடத்தில், வெளியே நின்று சாப்பிட வேண்டாம் என்று ஓட்டுநர் சொன்னால் கேட்டுக்கொள்வது நல்லது. தலைக்கு மேல் வட்டமிடும் பருந்துகள் பின்னாலிருந்து பாய்ந்து, வாய்க்குக் கொண்டுபோகும் ரொட்டியைக் கையிலிருந்தே பறித்துச் செல்லும், நகக்கீறலும் மிஞ்சும்.

எல்லாவற்றையும்விடக் கேடு விளைவிப்பது, ‘இன்னும் கொஞ்சம் கிட்டே போங்கள்’ என்று ஓட்டுநரை நெருக்குவது. சிவிங்கிப்புலி பெரும்பாலும் பகலில் வேட்டையாடும் விலங்கு. பத்துப் பதினைந்து வண்டிகள் அதைச் சூழ்ந்துகொண்டால் இரை தப்பிவிடும், குட்டிகள் பசியோடு கிடக்கும். ஆற்றங்கரையில் வண்டிகள் வழியை மறித்து நின்றால் கடக்க வந்த மந்தையே திரும்பிவிடும். வகுத்த தடத்தை விட்டு வண்டியை இறக்கினால் அபராதம் ஓட்டுநரின் மேல் விழுகிறது என்பதையும், அன்பளிப்பை எதிர்பார்த்து வாழும் அவரால் பயணியிடம் முகத்துக்கு நேரே மறுப்புச் சொல்ல முடியாது என்பதையும் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

விலங்குகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதும் ஒரு தவறுதான் என்பது என் கருத்து. ங்கோரோங்கோரோவிலிருந்து செரெங்கெட்டிக்குப் போகும் வழியிலேயே, பிரதான சாலையிலிருந்து சிறிது தூரத்தில் ஓல்டுவாய் பள்ளத்தாக்கு இருக்கிறது. தொல்லியல் ஆய்வாளர் மேரி லீக்கி 1959இல் சுமார் பதினேழரை லட்சம் ஆண்டு பழமையான ஆதிமனித வகை ஒன்றின் மண்டையோட்டைக் கண்டெடுத்த இடம் அது. பெரும்பாலான வண்டிகள் நில்லாமல் கடந்துவிடுகின்றன. அங்குள்ள அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால், சுமார் 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் லெட்டோலி என்னும் இடத்தில் ஈர எரிமலைச் சாம்பலில் பதிந்த மனித முன்னோடிகளின் காலடித் தடங்களின் வார்ப்பு நகலைக் காணலாம். மூலத் தடங்கள் பாதுகாப்புக்காக மண்ணால் மூடப்பட்டுள்ளன.

அதே சாலையில் சிவப்புப் போர்வையோடு மாடு மேய்க்கும் மசாய் மக்களை ஓடும் வண்டியிலிருந்து படம் எடுப்பது அவமதிப்பு. கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். ஆளில்லாக் காட்டுக்கு வந்திருக்கிறோம் என்ற நினைப்பும் பிழையானது. செரெங்கெட்டியிலிருந்து வெளியேற்றப்பட்ட மசாய் மக்கள் வாழவும் மேய்க்கவும் 1959இல் ஒதுக்கப்பட்ட நிலமே ங்கோரோங்கோரோ பாதுகாப்புப் பகுதி; 2022 முதல் அங்கிருந்தும் அவர்களைத் தொலைவிலுள்ள ம்சோமேரா கிராமத்துக்கு இடம்பெயர்க்கும் அரசின் திட்டம் கடும் சர்ச்சைக்கு உள்ளாகியிருக்கிறது. மசாய் குடியிருப்பைப் பார்க்கச் செல்வோர், கட்டணத்தில் எவ்வளவு அக்குடும்பங்களுக்குச் சேர்கிறது என்று முகவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளலாம்.

நாட்டின் நடுப்பகுதியில் உள்ள கொண்டோவா பாறை ஓவியங்கள் 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. படம் தெளிவாக வரட்டும் என்று ஓவியத்தின் மேல் தண்ணீர் தெளிப்பதோ விரலால் தடவுவதோ கூடாது. சுற்றுவட்டார மக்கள் இன்றும் அங்கே சடங்குகள் செய்கிறார்கள்.

சான்சிபார் தீவைக் கடற்கரையாக மட்டும் பார்ப்போர், அதன் பழைய நகரமான ஸ்டோன் டவுனின் சந்துகளிலும் நீச்சல் உடையோடு நடக்கிறார்கள். மக்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும், ரமலான் பகல்களில் தெருவில் நின்று உண்பதும் குடிப்பதும் தவிர்க்கப்பட வேண்டும். 1873இல் மூடப்பட்ட அடிமைச் சந்தை இருந்த இடத்தில் எழுந்த ஆங்கிலிக்கன் தேவாலயத்தின் வளாகத்தில், கழுத்தில் சங்கிலியோடு குழிக்குள் நிற்கும் சிலைகளின் முன் சிரித்தபடி படம் எடுப்பவர்களை என்ன சொல்வது! வழிகாட்டி இல்லாமல் சந்துகளில் சுற்றுவதில் தவறில்லை, ஆனால் கதவுகளை நிதானமாகப் பார்க்க வேண்டும். மேற்சட்டம் நேராக இருப்பது பழைய அரபு பாணி, வளைந்திருப்பது குஜராத்தி வணிகர்களோடு வந்த இந்திய பாணி. 1883இல் சுல்தானுக்காகக் கட்டப்பட்ட ‘அதிசய மாளிகை’யின் ஒரு பகுதி 2020 டிசம்பரில் இடிந்து விழுந்தது, அதைக் காட்டுவதாகச் சொல்லும் பயணத் திட்டம் எப்போது எழுதப்பட்டது என்று கேட்பது நல்லது.

தந்தத்திலோ ஆமை ஓட்டிலோ பவளத்திலோ செய்த எதையும் வாங்கக் கூடாது; தான்சானிய, இந்தியச் சட்டங்கள் இரண்டிலும் சிக்கல் வரும். பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜூன் முதல் தடை உள்ளதால், பெட்டிக்குள் துணி சுற்றிய பைகளைக்கூட வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். நைரோபி அல்லது அடிஸ் அபாபா வழியாகப் பறக்கும் இந்தியப் பயணிகள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடக் கூடாது. கென்யாவும் எத்தியோப்பியாவும் அந்நோய் பரவும் நாடுகளின் பட்டியலில் உள்ளன. உரிய சான்றிதழ் இல்லாமல் திரும்புவோரை ஆறு நாள்கள் வரை தனிமைப்படுத்த இந்திய விதிகள் இடமளிக்கின்றன. விமான நிலையத்தை விட்டு வெளியேறாதவர்களுக்கு விலக்கு கிடைக்கலாம் என்றாலும் அது சுகாதார அதிகாரியின் முடிவு. ஊசி போட்டுப் பத்து நாள்கள் கழித்தே சான்றிதழ் செல்லும். அதன்பின் அது ஆயுள் முழுவதற்கும் போதும்.